உரலைக் கழுவினோம், உலக்கையை மறந்தோம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்து நான் இன்னும் சேலைகூட மாற்றவில்லை. வாசலில் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள். தல்லாகுளத்து ஆபீசில் யாரோ என் பெயரைச் சொல்லி, விளாங்குடிக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நெல்லுக்கு வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கும்படி விவசாயிகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது மேலிடத்து உத்தரவாம்.

"உங்களுக்குத்தான் பக்குவம் தெரியும்னு சொன்னாங்கம்மா" என்றாள் அந்தப் பெண். நோட்டைத் திறந்து தேதிகூடப் போட்டுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தலையில் தூள் மருந்து மூட்டைகளைக் கட்டி, ஊர் ஊராக அனுப்பிய உத்தரவும் மேலிடத்திலிருந்துதான் வந்தது. அப்போது வேப்பங்கொட்டை என்று வாயெடுத்தவரைப் பத்தாம்பசலி என்றார்கள். இப்போது அதே கொட்டைக்கு நோட்டும் பேனாவும் வந்திருக்கிறது. சரி, ஓய்வு பெற்று ஆறு மாதமாகப் பேச ஆளில்லாமல் இருந்தேன். உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் அவர்களிடம் சொன்ன கதைக்கும் இதற்கும் முடிவு வேறு. அதற்குக் காரணம் கடைசியில் வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பூச்சி வேலைக்குச் சேர்ந்தவள் அல்ல. கிராம சேவிகா. பயிற்சி ஓராண்டு. குழந்தை வளர்ப்பு, புகையில்லா அடுப்பு, முருங்கைக்கீரையின் பெருமை இவைதான் பாடம். பயிர் பாதுகாப்புக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு நாள் மழை. எழுபதுகளின் பின்பாதியில் என்னைக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே பால்வாடி நடத்துவதும் பெண்களுக்குச் சத்துணவு செய்துகாட்டுவதும் என் பொறுப்பு. தினமும் காலையில் விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன்.

வீட்டில் என் கணவர், கோர்ட்டில் குமாஸ்தா. அப்புறம் பிலோமி. எனக்கு முப்பத்தெட்டு வயதில் பிறந்த ஒரே மகள். தவமிருந்து பெற்ற பிள்ளை என்பதால் எனக்கு எப்போதும் பயம். அவள் தும்மினால் டாக்டரிடம் போவேன். ஒரு வாரம் தும்மாமல் இருந்தால், ஏன் தும்மவில்லை என்று கேட்கப் போவேன். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய் "உணவை வீணாக்காதீர்" என்று பேசுகிறவள் வீட்டில் வீணாகலாமா? அவளும் வைக்க மாட்டாள். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

இனி சதாசிவம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் விரிவாக்க அலுவலர். மெலிந்த மனிதர். பையில் ஒரு சின்னத் தராசு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பந்து சணல். எந்தப் பொருளையும் மூன்று முறை சோதிக்காமல் நம்ப மாட்டார். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையைச் சட்டைப்பைக்குள் போடுவதற்குள் நாம் இறங்க வேண்டிய ஊர் போய்விடும். தூள் மருந்தை அவர் வெறுத்தார். "தூளைத் தூவினா பூச்சி பக்கத்து வயலுக்குப் போகும்மா. ரெண்டு நாள் விருந்தாடிட்டு மூணாம் நாள் திரும்பிரும். நடுவுல செத்தது வாய்க்கா மீனுதான்" என்பார்.

அந்த மார்கழியில் பெரியகருப்பன் என்கிற விவசாயியின் ஒன்றரை ஏக்கரில் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி இறங்கியது. வரப்பில் நடந்தாலே நாற்றம் மூக்கைத் துளைக்கும். நெல்மணியில் ஊசியைக் குத்திப் பாலை உறிஞ்சிவிடும். கதிர் நிமிர்ந்து நிற்கும், பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த வயலுக்குக் கிணறுதான் ஆதாரம். இந்த வெள்ளாமை போனால் அவருக்கு அந்த வருஷம் போனது.

அவரும் சும்மா இருக்கவில்லை. வயல் நண்டுகளைப் பிடித்து நசுக்கிக் குச்சியில் கட்டி வரப்போரம் நட்டிருந்தார். அந்த வீச்சத்துக்குப் பூச்சி கூடும், கூடினதும் சாக்கால் அமுக்கிக் கொல்லலாம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பூச்சி கூடத்தான் செய்தது. கூடவே ஊர் நாய்களும் கூடி, நண்டுக்காக வயலுக்குள் இறங்கி மிதித்தன.

"பூச்சியாவது பாலைத்தேன் குடிச்சுச்சு. இந்தக் கழுதைக பயிரையே பாயா விரிச்சுப் படுத்துருச்சுக சார்" என்றார் பெரியகருப்பன்.

சதாசிவம் சார் பூதக்கண்ணாடியால் கதிரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க பால்வாடியில பெரிய கல் உரல் இருக்குல்ல?"

அப்படித்தான் நான் பூச்சி வேலைக்குள் இழுக்கப்பட்டேன்.

பக்குவத்தைச் சொல்கிறேன். ஆடி மாதம் மரத்தடியில் விழுந்த வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைக் கசக்கி எடுத்துவிட்டு, கொட்டையை நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வீரியம் போய்விடும். காகம் தின்று போட்ட கொட்டை கிடைத்தால் உத்தமம், சதை எடுக்கும் வேலை மிச்சம். தேவைப்படும்போது உரலில் போட்டு உலக்கையை ஓங்காமல், சும்மா வைத்து வைத்து எடுக்க வேண்டும். ஓங்கிக் குத்தினால் எண்ணெய் கக்கிவிடும். ஓட்டைப் புடைத்து நீக்கி, பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, பழைய வேட்டியில் முடிச்சாகக் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும். மறுநாள் அந்த முடிச்சைப் பிழிந்து, மறுபடி முக்கி, மறுபடி பிழிந்து, நிறம் வெளுக்கும்வரை செய்ய வேண்டும். சாறு நீர்மோர் மாதிரி வரும். ஐந்து கிலோ பருப்புக்கு நூறு லிட்டர் கணக்கில் தண்ணீர் கூட்டி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது.

இதில் ஏட்டில் இல்லாத படி ஒன்று உண்டு. அது சதாசிவம் சாருடைய படி. தெளிப்பதற்கு முன் சுண்டுவிரலைச் சாற்றில் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கசப்பு நுனிநாக்கில் தொடங்கி அடித்தொண்டைக்குப் போய் நிற்க வேண்டும். நின்றால் தலையாட்டுவார். நிற்காவிட்டால் அவ்வளவையும் கொட்டச் சொல்வார்.

"வாயில வச்சுப் பார்க்காத மருந்தை வயல்ல அடிக்கக் கூடாதும்மா."

"அப்ப இந்தத் தூளையும் வாயில வச்சுப் பார்ப்பீங்களா சார்?" என்று கேட்டாள் அழகம்மா. பால்வாடியில் ஆயா வேலை பார்த்தவள் அவள். பிள்ளைகளுக்குச் சமைப்பதும் கதை சொல்வதும், எனக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதும் அவள் வேலை. அவள் காட்டிய மூலையில் ஐந்து மூட்டைப் பூச்சித்தூள் கிடந்தது. போன வருஷத்துச் சரக்கு, ஈரத்தில் கட்டி தட்டிப்போனது. திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதிப் போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் படுத்துறங்கும் கட்டிடத்தில் அந்த மூட்டைகள் இருப்பதால் பாய்களை எதிர் மூலைக்குத் தள்ளிப் போடச் சொல்லியிருந்தேன்.

சதாசிவம் சார் அன்றே அந்த மூட்டைகளின் வாயைத் தன் சணலால் கட்டி, தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை முடிச்சுக்குள் செருகினார். அது அவர் மட்டுமே போடக்கூடிய முடிச்சு. அவரே அவிழ்க்கக் கால்மணி நேரமாகும்.

பால்வாடி மரத்தடியில் பொறுக்கி வைத்திருந்த கொட்டையை முதல் நாள் இடித்தோம். நானும் அழகம்மாவும் மாறி மாறி. இரண்டாம் நாள் நாலு மணிக்குமேல் தெளித்தார்கள்; அன்று சார் மீட்டிங்குக்குப் போய்விட்டதால் ருசி பார்க்க அவர் நாக்கு மட்டும் இல்லை. அன்று காலையில் நான் அழகம்மாவை நிறுத்திவைத்து உரலைக் கழுவச் சொன்னேன். சாம்பல் போட்டு ஒரு தரம், உப்புப் போட்டு ஒரு தரம், புளி போட்டு ஒரு தரம்.

"இம்புட்டுத் தேய்ச்சா உரலு சட்டியாப் போயிரும் சேவிகாம்மா" என்று முனகிக்கொண்டே தேய்த்தாள். நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். துளிக் கசப்பில்லை.

மூன்றாம் நாள், பிள்ளைகளுக்குச் சத்துருண்டை கொடுக்கும் நாள். வறுத்த கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் இடித்துப் பிடிப்பது, ஆளுக்கு இரண்டு. பிலோமிக்கு அரையாண்டு லீவு. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அவளையும் கூட்டிப் போயிருந்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அழகம்மாவின் வெள்ளாட்டோடு காலையிலேயே சிநேகமாகிவிட்டாள். நான் அழகம்மாவிடம் வேலையைச் சொல்லிவிட்டு, தெளித்தது வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க வயலுக்குப் போனேன். சதாசிவம் சார் ஏற்கெனவே அங்கே குனிந்து ஒவ்வொரு கதிராகப் பூச்சி எண்ணிக்கொண்டிருந்தார். பெரியகருப்பன் பின்னால் நின்று அவர் எண்ணுவதையே எண்ணிக்கொண்டிருந்தார்.

அழகம்மா வரப்பில் ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது.

"சேவிகாம்மா! பிள்ளைக எல்லாம் துப்புதுக! உருண்டை வெசமாப் போச்சு!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு வயலிலேயே நின்றுவிட்டது. பால்வாடி முற்றத்தில் முப்பது பிள்ளைகளும் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வேதனையில் அல்ல. யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு கடி கடித்தோம், துப்பிவிட்டோம் என்றார்கள். எல்லாரும் அதே பதில்.

பிலோமி வேப்பமரத்தடியில் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ எம்புட்டுத் தின்னே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டும் தின்னேம்மா."

"கசக்கலையா?"

"கசந்துச்சு."

"பின்னே ஏண்டி தின்னே?"

"மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொல்லுவேல்ல."

என் கண் அந்த அறை மூலைக்குப் போனது. ஐந்து மூட்டை. அழகம்மா மாவளந்த படி. அந்தப் படி எங்கே இருந்தது, அதில் முன்பு எதை அளந்தாள், மாவு என்று நினைத்து எதை எடுத்தாள்? அழகம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மாதா மேல சத்தியமாச் சொல்லு, மூட்டையைத் தொட்டியா?"

"என் சாமி மேலயும் சத்தியம், ஒங்க மாதா மேலயும் சத்தியம். தொடலைம்மா!"

அதற்குள் சதாசிவம் சார் வந்துவிட்டார். அந்த நேரத்திலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். மூட்டைகளின் அருகே மண்டியிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். காகிதங்களை முகர்ந்தார். பிறகு தாம்பாளத்தில் மீந்திருந்த உருண்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

நாங்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். முப்பது பிள்ளைகளும் துப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வேப்பம்பருப்பு" என்றார். "போன ஆடியில பொறுக்கினது." இன்னும் கொஞ்சம் மென்றார். கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இருந்தது. "இது நெழல்ல காயலை. யாரோ வெயில்ல போட்டிருக்காங்க. யாரு அது?"

அழகம்மா தலையைக் குனிந்தாள். "நெழல்ல போட்டாக் கோழி கிளறுதுங்கய்யா. அதான் ஒரு ரெண்டு நாளு மாடியில..."

"கசப்பு தொண்டைக்குப் போகவே இல்லை பாரு! நாக்குலயே நின்னுருச்சு! இதைப் போயி வயல்ல அடிச்சிருக்கோம்!"

"சார், என் பிள்ளை!" என்று கத்தினேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைம்மா. இது கசப்பு. விஷமில்லை." உரலை முகர்ந்தார். பிறகு மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து அதன் முனையை நாக்கால் தொட்டார். "உரலைக் கழுவுனீங்க. உலக்கையை யாரு கழுவுனா?"

யாரும் கழுவவில்லை. கல்லைத் தேய்த்தோம், மரத்தை மறந்துவிட்டோம். அந்த மரம்தான் முதல்நாள் முழுக்க வேம்பைக் குடித்திருந்தது.

இதைக் கேட்டதும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று முறை சோதிக்கிற மனிதர் சொல்கிறார். ஆனால் அவருக்குப் பிள்ளையில்லை, எனக்கு ஒன்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றேன். அவருடைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அவர், நடுவில் பிலோமி, பின்னால் ஒற்றைச் செருப்போடு நான்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்கும். வேகத்தால் அல்ல. அவர் எந்த அவசரத்திலும் சைக்கிளை முந்த மாட்டார். ஆளில்லாத சாலையில் கையைக் காட்டித்தான் திரும்புவார். ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "ஏண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அவர் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தேன், தள்ளினால் வண்டி வேகமாகப் போகும் என்பது போல.

கொட்டாம்பட்டியில் டாக்டர் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். பிலோமி அழவில்லை. டம்ளர் டம்ளராகக் குடித்தாள். வந்ததெல்லாம் காலையில் வீட்டில் தின்ற இட்லிதான்.

"உருண்டை ஒண்ணும் வரலையேம்மா" என்றார் டாக்டர். "ரெண்டு தின்னேன்னு சொன்னியா பாப்பா?"

அவள் தலையாட்டினாள்.

"வேம்புக்குக் குடலைச் சுத்தம் பண்ற குணம் உண்டு டாக்டர். சீக்கிரம் எறங்கியிருக்கும்" என்று சதாசிவம் சார் விளக்கம் சொன்னார். டாக்டருக்கு அந்த விளக்கத்தில் திருப்தியில்லை. இருந்தாலும் சாயங்காலம்வரை வைத்திருந்து, நாடி நன்றாக இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

பையை எடுக்கத் திரும்பவும் கிராமத்துக்குப் போனோம். அழகம்மாவின் ஆடு பிலோமியை விட்டு நகரவில்லை. அவள் கையை முட்டி முட்டி முகர்ந்தது. பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தது. "பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று அழகம்மா கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன்.

பெரியகருப்பன் வயலில் பூச்சி பாதிக்குமேல் குறைந்திருந்தது. சதாசிவம் சார் நிழலில் காய்ந்த கொட்டையை வேறு ஊரிலிருந்து தேடிக் கொண்டுவந்து இன்னொரு முறை அடிக்கவைத்தார். வெள்ளாமை தப்பியது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே பக்கத்து வயல்காரர்கள் பால்வாடிக்கு வந்துவிட்டார்கள். சார் ஒரு வருஷமாக வேம்பு வேம்பு என்று மேடை போட்டுப் பேசியும் வராதவர்கள்.

"வெல்லம் போட்டுக் குடுத்தும் சின்னப் பிள்ளைக துப்பிருச்சுகளாமே. அப்ப வெல்லம் இல்லாம பூச்சி எங்கிட்டுத் திங்கப்போகுது? எங்களுக்கும் ரெண்டு முடிச்சுக் கட்டிக் குடுங்க சேவிகாம்மா" என்றார் ஒருவர். அதுபோல ஒரு செயல்விளக்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் நடத்தியதில்லை.

இதுவரைக்கும்தான் அந்த இருவரிடமும் சொன்னேன். பதினோரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கவைக்கும் கதை. அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெண் நோட்டில் "உலக்கையையும் கழுவவும்" என்று எழுதி அடிக்கோடிட்டாள். பிலோமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு இருபது வயது. அடுத்த மாதம் ஆசிரியப் பயிற்சிக்குத் திருச்சிக்குப் போகிறாள்.

அவர்கள் போனதும் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நான் அன்னைக்கு அந்த உருண்டையைத் திங்கவே இல்லைம்மா."

"என்னடி சொல்றே?"

"ஒரு கடி கடிச்சேன். எல்லாரும் மாதிரித் துப்பிட்டேன். மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டுட்டேன். அது நல்லாத் தின்னுச்சு. அதுக்குத்தேன் வேம்பு பிடிக்குமே."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஆஸ்பத்திரிவரைக்கும் போனோமேடி! டம்ளர் டம்ளரா உப்புத்தண்ணி ஊத்துனாங்களே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஓடியாந்து 'எம்புட்டுத் தின்னே'ன்னு கேட்டேல்ல. கீழே போட்டதுக்குத்தேன் கேக்குறேன்னு நெனச்சுட்டேன்." அவள் சிரித்தாள். "அப்பறம் உப்புத்தண்ணியே பரவால்லன்னு இருந்துச்சும்மா. நீ முழிச்ச முழி அப்புடி."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். அன்று ஐந்து மூட்டைத் தூளுக்குப் பயந்து நான் ஓடி வந்தேன். என் பிள்ளை அந்த முற்றத்தில் ஒரே ஒன்றுக்குத்தான் பயந்தாள். சதாசிவம் சார் எல்லாவற்றையும் தொட்டு நக்கிப் பார்த்தார். அதை மட்டும் அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பிலோமி தட்டில் ஒரு இட்லியை மிச்சம் வைத்துவிட்டுக் கையை ஓரத்தில் வைத்தாள். பழக்கதோஷத்தில் நான் தட்டைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"போதும்னா எந்திரி" என்றேன்.

அவள் எழுந்து போனாள். நான் அந்த இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விளாங்குடியில் எங்கள் தெருவில் ஆடு வளர்ப்பவர் யாரும் இல்லை. நானே தின்றேன்.